பாதிக் கோட்டை

அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் காலையில் தொடங்குகிற சத்தம் விளக்கு வைக்கிற வரைக்கும் நிற்காது. எங்கள் வீட்டில் மூன்று தறி, எதிர்வீட்டில் இரண்டு, பின்சந்தில் பவர்லூம். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் ஆரணியில் பிறந்தவர்கள் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவோம். வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அமாவாசையன்று மட்டும் தெருவில் போகிற சைக்கிளின் மணி கேட்கும், பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிவது கேட்கும். என் அண்ணனும் அவன் நண்பர்களும் தங்கள் ஆட்டத்துக்கு அந்த நாளைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். அது வாயால் ஆடுகிற ஆட்டம். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாவிட்டால் ஒன்றும் நடக்காது.

தொண்ணூறுகளின் கடைசி அது. அண்ணன் பெங்களூரில் படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று வீட்டில் இருந்தான். ஹாஸ்டலில் வடக்கத்திப் பையன் ஒருவனிடம் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். கூடவே இங்கிலீஷில் ஒரு கட்டு ஜெராக்ஸ் தாளும், இருபது முகம் கொண்ட ஒரு பகடையும் வந்தன. ஆட்டத்தைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒருவர் கதையை நடத்துவார். 'நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது' என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அந்த வேஷக்காரன் என்ன செய்வான் என்று சொல்ல வேண்டும். உள்ளே போகிறேன், ஓடுகிறேன், கல்லை விட்டெறிகிறேன், எதுவானாலும் சரி. எறிந்த கல் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவர்கள் அதைக் 'கதை ஆடறது' என்பார்கள். அம்மா அதைச் 'சூதாட்டம்' என்பாள். காசு வைக்கவில்லை என்று அண்ணன் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்த பிறகுதான் மாடி அறையை விட்டுக்கொடுத்தாள்.

அண்ணன் கதையை நடத்துவான். ஆடுகிறவர்கள் மூன்று பேர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் மந்திரவாதி வேஷம். மருந்துக்கடையில் நின்றவர் போர்வீரன்; நாளெல்லாம் மற்றவர் காயத்துக்கு மருந்து கட்டிக் கொடுக்கிறவருக்கு, அமாவாசைக்கு அமாவாசை நாலு பேரை வெட்ட வேண்டியிருந்தது போலும். மூன்றாமவர் தேவிகாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். விவசாய வீட்டுப் பிள்ளை, வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார், பரம சாது. அவர் எடுத்த வேஷம் திருடன். பூட்டைத் திறக்கும்போதுகூட 'கொஞ்சம் திறந்துக்கட்டுங்களா' என்று கேட்டுத் திறக்கிற திருடன்.

இந்த ஆட்டத்துக்கு வரைபடம் வேண்டும். குகையோ கோட்டையோ, எங்கே வாசல், எங்கே படிக்கட்டு, எந்த அறைக்குள் எந்த வழியாகப் போகலாம் என்று தாளில் போட்டு, அதைப் பழைய செய்தித்தாள் துண்டுகளால் மூடிவைப்பார்கள். ஆடுகிறவர்கள் நடக்க நடக்க ஒவ்வொரு துண்டாக எடுப்பார்கள். முதல் வரைபடத்தை அண்ணனே காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டான். குகை என்று அவன் சொன்னது எனக்கு உப்பிப்போன பூரியாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன். தாள் வழவழப்பு, பேனா நிற்கவில்லை என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அண்ணனுக்குத் தாள் வழவழப்பு.

"அப்ப நீ போட்டுக் குடேன்" என்றான் கோபமாக. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

வரைவது எனக்கு வேலை. பன்னிரண்டாவது முடித்த பிறகு எங்கள் தறிகளுக்கும் தெருவில் இன்னும் சில வீடுகளுக்கும் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டுச் சேலையின் முந்தியில் மயில் வர வேண்டுமென்றால், முதலில் அதைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட வேண்டும். எந்தக் கட்டத்தில் சரிகை மேலே தெரிய வேண்டுமோ அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டைகள் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொன்றாகச் சுற்றி வரும், மயில் விழும். எண்ணிப் போடுகிற வேலை. பொறுமை வேண்டும். எனக்கு வேறு எதிலும் பொறுமை கிடையாது, கட்டத்தில் மட்டும் உண்டு.

என் முதல் வரைபடம் ஒரு சுரங்கம். கமண்டல நாகநதி மணலுக்குக் கீழே புதைந்துபோன ஊர் என்று நானே ஒரு கதை வைத்துக்கொண்டு, அறை அறையாக அழகாகப் போட்டு, எண் கொடுத்து, அண்ணனிடம் கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க மூவரும் சுவருக்குள்ளேயே நடந்தார்கள். தப்பு யாருடையது என்று இன்றுவரை தீராத வழக்கு. எனக்குச் சிவப்புதான் பூ, வெறும் கட்டம் சும்மா கிடக்கிற தரை. எது முக்கியமோ அதுதானே சிவப்பு? அதனால் அறைகளைச் சிவப்பாக நிரப்பினேன். அவர்களோ சிவப்பு என்றால் செங்கல் சுவர் என்று எடுத்துக்கொண்டு, கட்டம் காலியாக இருந்த இடத்திலெல்லாம் புகுந்து போனார்கள். சுவர் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டதற்கு, 'அந்தக் காலத்துச் சுரங்கம் அப்படித்தான்' என்று அண்ணன் சமாளித்தானாம். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டு ஆழமே இல்லை என்று சாதிப்பது அவன் சுபாவம்.

சிவப்பு என்றால் வழி என்று பேசி முடித்த பிறகு வரைபடம் என் பொறுப்பானது. அண்ணன் ஒரு வார்த்தைதான் சொல்வான். "பழைய அரிசி மில்லு ஒண்ணு போடு." "மலைக்குள்ள கோயில் ஒண்ணு போடு." மீதி எல்லாம் என் இஷ்டம். எந்த அறையில் கிணறு, எந்தப் படிக்கட்டில் கல் ஆடும், எந்தக் கதவைத் திறந்தால் பாம்பு என்று ஓரத்தில் சின்னதாக எழுதிவிடுவேன். அண்ணன் அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்வான். டிசைன் வேலைக்கு நடுவில், கை ஓய்கிற நேரத்தில் போடுவேன். மயிலும் மாங்காயும் யாளியும் போட்டுச் சலித்த கைக்கு, ஒரு இருட்டுப் பாதையைப் போட்டு அதன் முனையில் பூட்டு ஒன்றை மாட்டுவது அவ்வளவு சுகமாக இருக்கும். அந்தச் சிவப்புப் பாதைகளில் நான் எத்தனையோ முறை தனியாக நடந்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு அது போதவில்லை. எனக்கும் ஆட வேண்டும். தினமும் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான், இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. நான் போட்ட கோட்டைக்குள் என்னைத் தவிர எல்லாரும் போய் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணனைக் கேட்டால், "நீதான் மேப்பு போடறியே, அது போதாதா?" என்பான். அம்மாவைக் கேட்டதற்கு வேறு பதில் வந்தது.

"வயசுப் பொண்ணு மாடியில நாலு பசங்களோட உக்காந்துகினு இருந்தா தெருவுல இன்னா பேசுவாங்க? டீய வெச்சிட்டு ஜல்தியா எறங்கி வா."

டீயை வைத்துவிட்டு இறங்குவேன். முழுவதும் இறங்க மாட்டேன். பாதிப் படியில் உட்கார்ந்து, வெங்காயம் உரிப்பதுபோல் மடியில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். அது ஒரு தண்டனை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தங்கத்தை இடது பக்கம் மாடத்தில் வைத்திருப்பேன். மூன்று பேரும் வலது பக்கச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். ஒருமுறை மருந்துக்கடைக்காரர் பாம்பு அறையின் கதவில் கை வைத்தபோது 'ஐயோ' என்று கத்தியேவிட்டேன். என்ன ஆச்சு என்று மேலிருந்து கேட்டார்கள். வெங்காயம் வெட்டும்போது விரலை அறுத்துக்கொண்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். மருந்துக்கடைக்காரர் கீழே எட்டிப் பார்த்து, டெட்டால் வேணுங்களா என்று கேட்டார். நல்ல மனிதர். பத்து நிமிஷத்தில் பாம்பு அவரைக் கடித்துவிட்டது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. வீட்டில் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அண்ணன் போய்விட்டால் நடத்துகிற ஆள் இல்லை. நடத்துகிற ஆள் இல்லாவிட்டால் ஆட்டமில்லை. ஆட்டமில்லாவிட்டால் வரைபடமும் வேண்டாம். படிக்கட்டில் உட்காருகிற பாக்கியமும் போய்விடும்.

போவதற்கு முன் வருகிற அமாவாசைக்கு ஒரு பெரிய ஆட்டம் என்று முடிவு செய்தார்கள். "ஒரு கோட்டை போடு. இதுவரைக்கும் போட்டதுலயே பெருசா" என்றான் அண்ணன். ராஜா இல்லாத கோட்டை. நடு மண்டபத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் வெற்றி.

முகூர்த்த சீசன் அது. கல்யாணச் சேலைகளுக்கு முந்தி டிசைன் கேட்டு மூன்று வீட்டுக்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பகலில் மயில் ஜோடி, மாலையில் கோட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டேன். வெளி வாசல், அகழி, குதிரை லாயம், நெல் கிடங்கு, சமையற்கட்டு, ராணி குளிக்கிற கிணறு, அதிலிருந்து மண்டபத்துக்குக் கள்ளவழி. கட்டம் கட்டமாகச் சிவப்பைத் தீட்டி, மண்டபம் வரைக்கும் வந்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அடியில் என் வழக்கமான அடையாளத்தைப் போட்டு, மை காய வைத்துச் சுருட்டி, ரப்பர் பேண்டு மாட்டினேன். அமாவாசையன்று காலையில்தான் அண்ணன் பெங்களூரில் ரூம் பார்த்துவிட்டுத் திரும்பினான். குளித்து, சாப்பிட்டு, நேராக மாடிக்குப் போய்விட்டான். வரைபடத்தை அவன் பிரித்துப் பார்த்தது அங்கேதான்.

நான் டீயை வைத்துவிட்டு என் படியில் உட்கார்ந்தேன். ஆட்டம் நன்றாகப் போனது. தேவிகாபுரம் திருடர் அகழியை மூங்கில் பாலம் போட்டுத் தாண்டினார். வெளி வாசலில் காவல்காரன் ஒருவன் மருந்துக்கடை வீரரின் இடது தோளில் வெட்டிவிட்டான். கிடங்கு, சமையற்கட்டு, கிணறு என்று ஒவ்வொரு செய்தித்தாள் துண்டாக எடுத்து, கள்ளவழியைக் கண்டுபிடித்து, மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். கடைசித் துண்டை எடுத்த சத்தம்கூடக் கேட்டது.

அடுத்து விளக்கைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"டேய், இன்னாடா இது, மண்டபம் பாதிதான் கீது?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"உள்ள இன்னொரு தாள் சுருண்டுகினு இருக்கும் பாரு" என்றான் அண்ணன். ஒரு தாளில் அடங்காத பெரிய கோட்டை என்று, துண்டு வைத்து மூடும்போதே நினைத்துக்கொண்டானாம். தாள் சரசரத்தது. இன்னொரு தாள் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாதிக் கோட்டைதான் போட்டிருந்தேன்.

என்ன நடந்தது என்று நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சேலை முந்தியில் எதிரும் புதிருமாக இரண்டு மயில் நின்றால், நாங்கள் இரண்டு மயில் வரைவதில்லை. ஒன்றைத்தான் வரைவோம். தறியில் கயிறு கட்டியிருக்கிற விதத்தில், இந்தப் பக்கம் ஒரு இழை எழுந்தால் அந்தப் பக்கம் அதற்கு ஜோடியான இழையும் எழும். இடது மயிலைப் போட்டால் வலது மயில் தானாக விழும். நடுவில் ஒரு கோடு இழுத்து, 'இங்கிருந்து திருப்பு' என்று ஒரு அம்புக்குறி போட்டால் வேலை முடிந்தது. வாரம் முழுவதும் மயில் போட்ட கை, கோட்டையின் நடு மண்டபம் வந்ததும் அதன் பாட்டுக்குக் கோடு இழுத்து, அம்புக்குறியும் போட்டு, முடித்துவிட்டது. பார்த்த கண்ணுக்கும் உறுத்தவில்லை. ஆரணியைத் தவிர வேறு எந்த ஊரிலும் ஒருத்திக்கு இந்தத் தப்பு வந்திருக்காது.

"கீழ இருக்கியா? மேல வா" என்று அண்ணன் கூப்பிட்டான்.

போனேன். முறத்தோடுதான் போனேன். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் சுபாவம், தப்பு செய்துவிட்டால் குரல் ஏறும்.

"இன்னா பாதி? மறுபாதி தானா விழாதா?" என்றேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் டீ தம்ளர் உருண்டது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, அம்புக்குறியை மற்ற இரண்டு பேருக்கும் விளக்கினான். மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். தேவிகாபுரத்துக்காரர் மட்டும் சிரிக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா அந்தப் பக்கமும் இதே கோட்டைதானுங்களா? அதே கிணறு, அதே கிடங்கு?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுபோச்சே. இனிமே ஆடறதுக்கு இன்னா இருக்குது?" அவர் குரலில் நிஜமான வருத்தம். அவருக்கு அந்தக் கோட்டை பிடித்திருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அண்ணன் தாளைச் சுருட்டக் கை வைத்தான். கடைசி ஆட்டம், என் கோட்டை, என் தப்பால் பாதியில் நிற்கப் போகிறது. அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"அதே கோட்டைதான். ஆனா கோட்டை மட்டுமா திரும்பும்? கட்டத்துல இருக்குறது எல்லாமே திரும்பும்" என்றேன். சொல்லிக்கொண்டே யோசித்தேன், யோசித்துக்கொண்டே சொன்னேன். "நீங்க மூணு பேரும் இந்தக் கதவு வழியா மண்டபத்துக்குள்ள வர்றீங்க. நடுவுல விளக்கு எரியுது. எதிர்க் கதவு தொறக்குது. அங்கேர்ந்து மூணு பேரு வர்றாங்க. ஒருத்தர் மந்திரவாதி. ஒருத்தர் திருடர். ஒருத்தர் வீரர், அவருக்கு வலது தோள்ல ரத்தம்."

மருந்துக்கடைக்காரர் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிஜத் தோளை.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு மீசை இல்லை, ஆனாலும் அன்றைக்கு ஒட்டவில்லை. அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மர நாற்காலியை என் பக்கம் தள்ளினான். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மந்திரவாதி எதிரிகள்மேல் நெருப்பை ஏவினார். எதிரில் இருந்த மந்திரவாதியும் ஏவினார். பகடை யாருக்கு என்று கேட்டார்கள். ஒரே பகடைதான், நீங்கள் போடுகிற எண்தான் அவருக்கும் என்றேன். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அன்றைக்கென்று பெரிய பெரிய எண்ணாக விழுந்து, தன் நெருப்பில் தானே வெந்தார். மருந்துக்கடை வீரர் ஓங்கி வெட்டினார், அதே வேகத்தில் வெட்டு வாங்கினார். எனக்கு அவர்கள்மேல் இரக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து விழுங்கின வார்த்தையெல்லாம் இப்போது வரிசையாக வந்தது.

தேவிகாபுரத்துக்காரர் மெல்லச் சொன்னார். "நான் கத்தியக் கீழ வெச்சிடறேங்க."

"எதிர்ல இருக்குறவரும் வெச்சிட்டாரு."

"நடந்து போயி விளக்க எடுக்கறேன்."

"அவரும் எடுக்குறாரு. ரெண்டு பேர் கையும் விளக்குமேல ஒரே நேரத்துல படுது. நீங்க இந்தப் பக்கம் இழுக்குறீங்க, அவரு அந்தப் பக்கம் இழுக்குறாரு. விளக்கு அசையல."

மூன்று பேரும் மாற்றி மாற்றி என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கயிறு வீசினார்கள், பின்னால் போய் ஓடிவந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். விளக்கு அசையவில்லை. உண்மையைச் சொன்னால், அதை எப்படி எடுப்பது என்று எனக்கும் தெரியாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இனி எப்படி முடிப்பது என்ற கவலை எனக்கே வந்துவிட்டது.

அண்ணன் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் வரட்டா?" என்றான்.

"எங்க?"

"ஆட்டத்துக்கு. எத்தினி நாளா நடத்திகினே கீறேன். ஒரு தரம்கூட ஆடல."

அதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அந்த அறைக்குள் ஆட முடியாதவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கோட்டைக்குள் போக, இவனும் வாசலில் நின்று வழிதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வா. எங்கேர்ந்து வர்ற? கிணத்து வழியாவா, லாயத்து வழியாவா?"

அவன் குனிந்து, தாளின் அடி விளிம்பில், என் அம்புக்குறிக்கு மேலே, நான் பென்சிலால் இழுத்திருந்த நடுக்கோட்டின்மேல் விரலை வைத்தான். "இங்கேர்ந்து" என்றான். விரலைக் கோட்டைவிட்டு விலக்காமல் நேராக மண்டபம் வரைக்கும் கொண்டுபோனான். "நான் இவங்களோட வரல. நடுவுல வந்தவன். நடு இழைக்கு ஏது ஜோடி?"

இது எங்கள் தறியில் தினமும் நடக்கிற விஷயம். இந்தப் பக்கத்து இழைக்கெல்லாம் அந்தப் பக்கம் ஜோடி உண்டு; நட்ட நடுவில் இருக்கிற இழை மட்டும் ஒற்றை. தறிப்பக்கமே வரமாட்டான், பாவு நூலைத் தொட்டால் கை வலிக்கும் என்பான் என்று அப்பா அவனைத் திட்டாத நாள் கிடையாது. அவனுக்கு அந்த நடு இழை ஞாபகம் இருந்தது, டிசைன் போடுகிற எனக்கு வரவில்லை.

"எதிர்ல யாருமில்ல. விளக்கு கைக்கு வருது. எடுத்துக்கோ" என்றேன். பகடைகூடப் போடச் சொல்லவில்லை.

நான்கு ஆம்பிளைகளும் போட்ட கூச்சல் அமாவாசைத் தெருவில் எங்கேயோ கேட்டிருக்கும். அம்மா படியேறி வந்துவிட்டாள். வாசலில் நின்று, தரையில் உட்கார்ந்திருந்த மகனையும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளையும் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

"இன்னா நடக்குது இங்க?"

"இவதாம்மா நடத்தினா. இல்லன்னா ஆட்டம் பாதியில நின்னுகினு இருக்கும்" என்றான் அண்ணன்.

அம்மா கிராஃப் தாளைக் குனிந்து பார்த்தாள். "இது பாதிதானே, இன்னும் திருப்பவே இல்லையே. முந்திக்கா பார்டருக்கா?" என்றாள். நான்கு பேரும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். "அடுப்புல பால் இருக்குது. எறங்கு."

இறங்கினேன். அம்மா திட்டவில்லை, கேட்கவில்லை, அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அண்ணன் பெங்களூருக்குப் போனான். பஸ் ஏறும்போது, பையிலிருந்து இருபது முகப் பகடையை எடுத்து என் கையில் வைத்து, "அங்க எனக்கு வேற கெடைக்கும்" என்றான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? மை பாட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன். டிசைன் போடும்போது சில சமயம் சும்மா உருட்டிப் பார்ப்பேன். முகூர்த்தச் சேலைகள் முடிந்தன. மாடி அறையில் அம்மா நூல் மூட்டைகளை அடுக்கினாள். அதைப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது. ஒருமுறை உட்கார்ந்து பார்க்காமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு மலை போட்டேன், அதற்குள் ஒரு ஊர் போட்டேன். யாருக்கு என்று கேட்டால் பதில் கிடையாது.

அடுத்த அமாவாசை. படையல் முடிந்து, சாப்பிட்டு, அப்பா படுத்துவிட்டார். தறிகள் மூன்றும் சும்மா கிடந்தன. நான் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ செருப்பு விடுகிற சத்தம் கேட்டது. அம்மா யாருடனோ பேசினாள். "அவன்தான் பெங்களூர் போயிட்டானேப்பா" என்றாள். பதில் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அம்மாவின் குரல், தறி ஓடுகிற நாளில் கூப்பிடுவதுபோல அவ்வளவு உரக்க வந்தது.

"ஏய், உன்னத் தேடிகினு மூணு பேரு வந்துகிறாங்க."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். மூவரும் வாசற்படியில் நின்றார்கள். தேவிகாபுரத்துக்காரர் வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காய் ஒரு கட்டை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

"மாடியெல்லாம் வேணாம். அங்க மூட்டை கீது" என்றாள். தறிக்கூடத்தில் இரண்டு தறிகளுக்கு நடுவே இருந்த இடத்தைப் பெருக்கி, அவளே பாய் விரித்தாள். "இங்க உக்காந்து ஆடுங்க. வாசக் கதவு தொறந்தே இருக்கட்டும்." விரித்துவிட்டு உள்ளே போகவில்லை. ஓரத்தில் ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அமாவாசையன்று ராட்டை சுற்றக் கூடாது. சும்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் என் மலையை எடுத்து வந்து விரித்து, செய்தித்தாள் துண்டுகளால் மூடினேன். பகடையைப் பாயின் நடுவே வைத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் செய்தித்தாள் துண்டுகளை ஓரமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க, இதுவும் பாதியாத்தான் இருக்குது? மறுபாதி எங்க?"

இந்த முறை தெரிந்தேதான் நிறுத்தியிருந்தேன்.

"நீங்க மொதல்ல உள்ள வாங்க, சொல்றேன்" என்றேன்.